விறகு மறுத்த வேந்தர்க்குக் குழிச்சுடரின் மறுமொழி

ஆறு நிறைந்தோடுக, அடுப்புகள் அவியாதிருக்க. தன் மக்களின் பசியறிந்து தண்பதி நாட்டைக் காத்தருளும் அரசி பூதிமாதேவியாரின் திருவாய்மொழியால், பேரமைச்சன் நக்கன் வேட்டன், கருவரை மலைநாட்டை ஆளும் கோமான் எயினன் செங்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மலையும் சுனையும், தங்கள் குடியும் கோலும் குறைவின்றி வாழ்க.

கோடை தொடங்கியபோது தாங்கள் மலைவழியை அடைத்து, ஒரு சுள்ளியும் கீழிறங்க விடாமல், எங்கள் ஆற்றின் முத்தலைத் துறையைத் தந்தால் விறகு தருவதாகச் சொல்லியனுப்பினீர்கள். எங்கள் சமவெளியில் காடில்லை என்பதும், அத்துறை போனால் எங்கள் படகோட்டிகளுக்குப் பிழைப்பில்லை என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்தே செய்தீர்கள், எமக்கு வயிறெரிந்தது.

அரசியார் துறையைத் தரவில்லை. தெருதோறும் குழி வெட்டி, சுண்ணச்சாந்து பூசி, காற்றுப் புகாமல் மூடி, வீட்டு மிச்சமும் தோட்டத்துத் தழையும் அதனுள் அழுகச் செய்து, எழும் ஆவியை மூங்கில் குழாய்வழி அடுப்புக்குக் கொணரப் பணித்தார். எங்கள் மக்களோ மானம் மிக்கவர்கள். அரசியின் குழிக்கு எச்சிற்சோறு இடுவதா என்று நாணி, இருந்த கடைசி விறகையும் எரித்து, புதிதாய் வடித்த சோறும் நெய்யும் பாகும் போட்டி போட்டுக்கொண்டு கொண்டுவந்து கொட்டினார்கள். குழி புளித்துப்போயிற்று, முதலில் எழுந்த சிறுசுடரும் அவிந்தது. தங்கள் ஒற்றர் அதை மகிழ்ந்து எழுதியிருப்பார், எழுதட்டும்.

அரண்மனை மருத்துவச்சி நங்கை சாத்தியார் குழியை முகர்ந்து பார்த்து, விருந்துண்டு செரியாத வயிற்றுக்கும் இதற்கும் வேறுபாடில்லை என்றுரைத்து, அதைச் சிலநாள் பட்டினி போட்டார். பின் சாணக் கரைசலும் சிறிது சாம்பலும் ஊட்டி, தேறியபின் பழையதும் காய்த்தோலும் பொடியாய் நறுக்கிய தழையும் கலந்து, நாள்தோறும் அளவாக இடச் செய்தார். எச்சில் என்று கூசியவர்கள் காண, அரசியார் தம் உண்கலத்து மிச்சத்தைத் தாமே சுமந்துவந்து முதலில் இட்டார். அதன்பின் எவரும் கூசவில்லை. இன்று முன்னிலும் பன்மடங்கு சுடர் எழுகிறது. வீடுதோறும் உலை கொதிக்கிறது. குழியின் கசடும் கழனிக்கு உரமாகிறது. சொல்லப் பெருமையாகத்தான் இருக்கிறது, சொல்லாமல் இருப்பானேன்?

ஆகவே அரசியார் ஆணை இது: முத்தலைத் துறை எமதே, விலைக்கும் இல்லை, விறகுக்கும் இல்லை. தங்கள் விறகைத் தாங்களே வைத்துக்கொள்க. கார்காலம் நெருங்குகிறது, நனையாமல் பார்த்துக்கொள்க.

இப்படிக்கு அரசியார் ஏவ எழுதினேன், நக்கன் வேட்டன். கீழே அரசியார் இலச்சினை பதிந்திருக்கிறது. அதன் அரக்கு எங்கள் குழிச்சுடரில் உருகியது.