இந்த வருஷம் தீ வேண்டாம்

பிப்ரவரி 3

அறுவடை முடிந்து வயல் முழுக்க வைக்கோல். வழக்கமாக அண்ணனும் நானும் அவரவர் வயலை ஒரே நாளில் கொளுத்திவிடுவோம். போன வருஷப் புகையில் என் சின்ன மகளுக்கு மூச்சு அடைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "இந்தத் தடவை தீ வெச்சீங்கன்னா, புள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

வேளாண் ஆபீஸில் வாங்கிய பூஞ்சைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து இரண்டு வயலுக்கும் நானே அடித்தேன். வைக்கோலை மட்கவைத்து உரமாக்கிவிடுமாம். அண்ணன் சிரித்தார். "பூசணத்தக் காசு குடுத்து வாங்கின ஒரே ஆளு நீதான்டா. உழவுக்கு டிராக்டர் வர்ற வரைக்கும்தான் பொறுப்பேன்."

பிப்ரவரி 13

வைக்கோல் இன்னும் மொடமொடவென்றே இருக்கிறது. வெள்ளை நூலாகப் படரும் என்றார்களே, எங்கே?

பிப்ரவரி 14

வேளாண் ஆபீஸ் மேடம் வந்து பார்த்தார். "எந்த டேங்க்ல அடிச்சீங்க?"

கத்தரிக்குப் பூஞ்சாண மருந்து அடித்த டேங்க். கழுவினேனா? தண்ணீர் விட்டு ஒரு குலுக்கு, அவ்வளவுதான்.

"பூஞ்சையக் கொல்ற மருந்துலயே பூஞ்சையக் கரைச்சிருக்கீங்களே சார்!"

அட மடையா. புதுப் பாக்கெட் கொடுத்திருக்கிறார். அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 15

சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "உன் வயல்ல நீ என்ன வேணா பண்ணிக்கோ. என் வயல விட்டுடு" என்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 23

என் வயலில் வெள்ளை படர்ந்திருக்கிறது! டேங்கைத் தொடாமல், புதுப் பொடியை முதுகு ஒடிய வாளி வாளியாகத் தெளித்தது வீண்போகவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவர் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. நாளைக்குக் காட்டலாம்.

பிப்ரவரி 24, ஆஸ்பத்திரி

அண்ணன் தீ வெச்சிட்டார். காத்து நேரா எங்க வீட்டுக்கு. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தினோம் — என்ன பிரயோஜனம்? புள்ளைக்கு உதடு நீலமாயிடுச்சு. மூஞ்சியில மாஸ்க் போட்டிருக்காங்க. நேத்தே காட்டியிருந்தா? ஏன்டா வாயத் தொறக்கல? கடவுளே, அவ மூச்சு விடட்டும்.

பிப்ரவரி 25

இழுப்பு குறைந்திருக்கிறது. மாஸ்க்கை எடுத்ததும் "அப்பா, பசிக்குது" என்றாள். அழுதுவிட்டேன்.

அண்ணன் நேற்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறார் என்று மனைவி சொன்னாள். போய்க் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார்.

"பாதியிலயே தண்ணி ஊத்தி அணைச்சிட்டேன்டா. மிச்சத்துக்கு உன் பொடி இருக்கா?"

"இருக்குண்ணே. மொதல்ல உள்ள வா, உன்னைத்தான் கேக்குறா."

"எப்படிடா வர்றது? சட்டையெல்லாம் புகை வாடை."

பையில் என்னுடைய மாற்றுச் சட்டை இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.