விளக்கை அணைத்துவிட்டு மறுபடி அளக்கக் கோரி

அனுப்புநர்:
தையற்கடைக்காரர்,
மாடிப்படிக்குக் கீழுள்ள கடை,
பொது மருத்துவமனையின் பின் தெரு.

பெறுநர்:
ஆய்வு அலுவலர் அவர்கள்,
ட்ரோன் பிரிவு,
பொது மருத்துவமனை.

பொருள்: ரத்த மாதிரிகளைக் கொண்டுசெல்லும் ட்ரோனின் விசிறிகளை வரும் திங்கட்கிழமை மாற்றுவதை நிறுத்திவைத்து, மோட்டார்களின் வேகத்தை மறுபடி அளக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் ஆய்வறிக்கையும், அதனுடன் எனக்குத் திருப்பி அளிக்கப்பட்ட அளவு ஏடும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ட்ரோனுக்கு மோட்டாரும் விசிறியும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் என் நாத்தனார். தங்கள் பிரிவில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றி, சென்ற ஆண்டு நோய்வாய்ப்பட்டுக் காலமானார். அப்போது பிரிவுக்குத் தனிச் சோதனையறை கிடையாது. துணி வெட்டும் என் மேசையில்தான் மோட்டாரை முடுக்கி வைத்துச் சோதித்தோம். அவர் அளப்பார், நான் எழுதுவேன். ஏட்டில் உள்ள கையெழுத்து என்னுடையது என்பதால் இம்மனுவை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று நம்புகிறேன்.

2. ட்ரோன் அந்தரத்தில் நிற்பதற்கு நான்கு மோட்டார்களும் நிமிடத்துக்குச் சரியாக 3000 சுற்று சுற்றினால் போதும் என்று அறிக்கை கூறுகிறது. எங்கள் ஏட்டில் 4300க்கு மேல் இருப்பதால் "ஏடு நம்பத்தக்கதல்ல" என்றும், மோட்டாரில் நிறைய வலு மிச்சம் இருப்பதால் பதினைந்து அங்குல விசிறியைக் கழற்றிப் பதினெட்டு அங்குல விசிறியைப் பொருத்தி, ரத்த மாதிரிப் பெட்டியின் எடையை இரட்டிப்பாக்கலாம் என்றும் அதில் உள்ளது. அந்த வாக்கியத்தைப் படித்த அன்று, ஒரு சட்டைக்கு இரண்டு கைகளையும் இடது கையாகவே தைத்துவிட்டேன் ஐயா. இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

3. பதினைந்து அங்குலம் குருட்டாம்போக்கில் வந்ததல்ல. ஐந்து அளவுகளைப் போட்டுப் பார்த்தோம். சிறிய விசிறி எடையைத் தூக்க வெறிபிடித்த மாதிரி சுற்ற வேண்டியிருந்தது. அது போட்ட கூச்சலில் என் வாடிக்கையாளர் ஒருவர் அளவு கொடுக்காமலே போய்விட்டார். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே தூக்கும், ஆனால் அதைச் சுற்ற மோட்டார் திணறும். பதினெட்டு அங்குலத்தையும் விட்டுவைக்கவில்லை; பதினான்காம் பக்கம் காண்க. நான்காம் நிமிடம் மோட்டாரைத் தொட்ட நாத்தனார் சூடு தாங்காமல் விரலை உதறிக் காது மடலைப் பிடித்துக்கொண்டார். ஆறாம் நிமிடம் மோட்டார் நின்றேவிட்டது. இத்தனைக்கும் அது பழைய, இலேசான பெட்டியின் எடைக்குத்தான். மேசையோடு கட்டியிருந்ததால் எதுவும் விழவில்லை. தங்கள் ட்ரோன் பள்ளிக்கூட மைதானத்துக்கு மேலே பறக்கிறது.

4. அப்படியானால் அந்த 3000 எங்கிருந்து வந்தது என்று தாங்கள் கேட்கலாம். எங்களுக்கும் முதல் நாள் அதே 3000தான் வந்தது.

அன்று கடையில் குழல் விளக்கைப் போட்டுக்கொண்டு, வேகம் காட்டும் கைக்கருவியால் அளந்தோம். நான்கு மோட்டாரிலும் மாறாமல் மூவாயிரம். "அண்ணி, நாலும் நல்ல பிள்ளைங்களா ஒரே மாதிரி சுத்துது பாருங்க!" என்று நாத்தனார் குதித்தார். வெற்றியைக் கொண்டாட டீ வாங்கி வந்தோம். குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன்: மோட்டார்கள் நின்று வெகுநேரமாகியிருந்தது, கருவி அவர் மடியில் விளக்கைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தது, அதில் அப்போதும் மூவாயிரம். இருவரும் வெட்டுத்துணிக் குவியலில் விழுந்து சிரித்தோம். அவர் சிரித்துப் புரையேறி, நான்தான் தலையில் தட்டினேன்.

அந்தக் கருவி விசிறியைத் தொடாமல், இறக்கை குறுக்கே போகும்போது வெளிச்சம் மறைவதை எண்ணுவது. குழல் விளக்கோ கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு முறை மினுங்குகிறது. நிமிடத்துக்கு ஆறாயிரம், விசிறிக்கு இரண்டு இறக்கை என்று கருவி அதைப் பாதியாக்கினால் மூவாயிரம். நாங்கள் அளந்தது மோட்டாரை அல்ல, விளக்கை.

மறுநாளிலிருந்து விளக்கை அணைத்து, கதவைத் திறந்து, விசிறிக்குப் பின்னால் வெள்ளைத் துணி விரித்து, காலைப் பத்து மணி வெயிலில் அளந்தோம். 4350, 4310, 4390, 4340. "நாலும் நாலு விதமா இருக்கு அண்ணி. இப்பதான் கூடப்பிறந்ததுங்க மாதிரி இருக்கு" என்றார். அந்தக் காலை வேளைகளைப் போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. இப்போதும் பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் மேசையில் அதே வெயில் விழுகிறது. எண்ணைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

5. ஏட்டைத் திரும்ப வாங்க வந்தபோது தங்கள் சோதனையறையைப் பார்த்தேன். ஜன்னலை மறைத்து பீரோ நிற்கிறது. மேலே ஆறு குழல் விளக்குகள். அதே மாதிரிக் கருவியால் அளந்துகொண்டிருந்த ஊழியர், "நாலும் மூவாயிரம்மா, இதைவிடத் துல்லியமா யார் காட்ட முடியும்?" என்றார். அவர்மீது எனக்குக் குறை இல்லை. நாங்கள் அதற்கு டீயே குடித்தோம். விளக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்.

6. ஆகவே, திங்கட்கிழமைக்கு முன் தாங்களே ஒருமுறை அந்த அறைக்குச் செல்ல வேண்டுகிறேன். மோட்டார் எதையும் இயக்க வேண்டாம். கருவியை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். மூவாயிரம் காட்டும். அதைக் கண்டு தங்களுக்குச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். பிறகு விளக்கை அணைத்து, ட்ரோனை வெயிலுக்குக் கொண்டுவந்து அளக்க உத்தரவிடுங்கள். அப்போதும் 3000 வந்தால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மன்னிப்பும் எழுதித் தருகிறேன். நான்கும் நான்கு விதமாக வந்தால் பழைய விசிறியே இருக்கட்டும். "நம்பத்தக்கதல்ல" என்ற சொல்லை அறிக்கையிலிருந்து அடித்துவிடுங்கள். என் நாத்தனாருக்காக நான் கேட்பது அந்த ஒரு கோடுதான்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
தையற்கடை அண்ணி
(கையொப்பம்)

நாள்: வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி
இடம்: வெட்டு மேசை

இணைப்பு: அளவு ஏட்டின் நகல், முப்பத்தொரு பக்கம். வெள்ளைத் துணி, ஒரு மீட்டர், ஓரம் தைத்தது.