ஆப்சென்ட் இல்லாத வகுப்பு

அன்புள்ளவளுக்கு,

நேற்றும் பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்: "எங்க அண்ணன் வெள்ளிக்கிழமை வரைக்கும் கிளாஸுக்குப் போயிருக்கான், ரெஜிஸ்டர்லயே இருக்கு. சனிக்கிழமை கல்குவாரில விழுந்ததும் உயிர் போயிடுச்சு. வலியே தெரிஞ்சிருக்காது." நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அவனோடு சேர்த்து நாங்கள் பதினான்கு பேர். கல்லூரிதான் சின்னது, எங்கள் தலைக்கனம் பெரிது. மூன்று வருடமாக எங்கள் வகுப்பில் ஒரு ஆப்சென்ட்கூடக் கிடையாது என்று மற்ற வகுப்புக்காரர்களிடம் பீற்றிக்கொள்வோம். எவனாவது வராவிட்டால் பக்கத்து பெஞ்சுக்காரன் குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் எங்கள் கௌரவம்.

வியாழக்கிழமை, எங்காவது ஊர் சுற்றப் போயிருப்பான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நினைத்தேன். விடுதிக் காப்பாளர் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இங்கதான் எங்கயாவது இருப்பான்" என்று தேடாமல் விட்டார்.

சனிக்கிழமை குவாரிக்குள் முதலில் இறங்கியவன் நான். சட்டையைக் கிழித்து, முறிந்த காலில் அவனே கட்டுப் போட்டிருந்தான். உன் அப்பா வந்து சேருவதற்குள் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
அவன் பக்கத்து பெஞ்சுக்காரன்