நாய்க்கு வைத்த ஷட்டர்

தம்பி,

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடையில் நேற்று உட்கார்ந்திருந்தேன். திரையில் என் மகள் கல்யாணம் ஓடியது. நீ எடுத்ததுதான். என் வீட்டுக்காரர் தாரை வார்க்கிறார். அவர் முகம் இருண்டு, வெளுத்து, மறுபடி இருள்கிறது. அவர் நடமாடும் படம் என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

"மண்டபத்து டியூப்லைட்டு சரியில்ல தாயி" என்றேன் கடைக்காரப் பெண்ணிடம்.

"லைட்டுல தப்பில்ல ஆச்சி. ஷட்டர் ஸ்பீடு."

ஒவ்வொரு படத்துக்கும் கேமரா கண்ணைத் திறந்து மூடுமாம். டியூப்லைட்டு வெளிச்சத்தில் ஐம்பதில் வைக்க வேண்டும். ஒரு நொடியை ஐம்பதாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு நேரம் கண் திறந்திருக்கும். ஆயிரத்தில் வைத்தால் சட்டென்று மூடிக்கொள்ளும். ஓடுவது தெளிவாக விழும், ஆனால் வெளிச்சம் போதாது. டியூப்லைட்டு நமக்குத் தெரியாமல் மினுங்குவதும் படத்தில் ஏறிவிடும்.

"இதுக்கு முன்னாடி என்ன எடுத்தாக?" என்று கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினாள்.

நாய்! ராஜபாளையத்து வெயிலில் ஒரு வெள்ளை நாய் ஓடுகிறது. நகம்கூடத் தெரிகிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள், நாய் வளர்க்கிற ஒருவர் கேட்டாரென்று என் கேசட்டிலேயே எடுத்துப் பார்த்திருக்கிறாய். "நாலு காலும் தனித்தனியாத் தெரியும்க்கா" என்று பீற்றிக்கொண்டாயே, மறப்பேனா? நாய்க்கு வைத்த ஆயிரத்தை என் மகளுக்கு மாற்ற மறந்துவிட்டாய்.

படம் ஏன் இப்படி இருக்கிறதென்று அன்று கேட்டதற்கு என்ன சொன்னாய்? "மண்டபத்து லைட்டு மட்டம்க்கா." அந்த மண்டபத்தைப் பிடித்தவர் என் கொழுந்தன். அதோடு அவரிடம் பேச்சை அறுத்தேன். தன் அண்ணன் சாவுக்கு வந்து நின்றவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்று காலை சோழபுரம் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் மதினி. கேசட்டப் போட்டுப் பாத்த அன்னைக்கே உங்க தம்பி எங்கிட்ட வந்து அழுதான். அக்காவுக்குத் தெரிஞ்சா வீட்டுப் படியேத்த மாட்டாகன்னான்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்க பேச விட்டிய?"

படியேற்ற மாட்டேனா? ஒரு வாரம் வைதிருப்பேன். எட்டாம் நாள் கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பேன். கூடப் பிறந்தும் இது உனக்குத் தெரியவில்லையே. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வார வசவு அப்படியே முழுசாக என்னிடம் கிடக்கிறது. வேறு யாரை வைது தீர்ப்பேன்?