இன்னொரு சட்டி சேப்பங்கிழங்கு

கியோட்டோ
2-2-1968

ஷிசுயே தங்கச்சிக்கு,

கடுதாசின்னா குளிரு, பனி, பிளம் பூன்னு மரியாதையா ஆரம்பிக்கணுமாம். எனக்கு முதுகு வலிக்குது. இந்த வருஷக் குளிரைப் பத்தி அவ்வளவுதான். நீ அனுப்பின ஆரஞ்சு வந்துச்சு. பாதி புளிப்பு, உன்னை மாதிரியே.

நம்ம ஸ்டுடியோவுல புது டைரக்டர் பையன், சாப்பாட்டுக்கடைக்காரம்மா வேஷத்துக்கு உன்னைக் கேட்டானாம். மாட்டேன்னுட்டியாம். பத்து வருஷமா நடிக்காம வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கியே, கொலை கிலை பண்ணிட்டியா?

படத்துல நீங்கள்லாம் சாப்பிடுற சாப்பாட்டை ஆக்கிப் போட்டவன் நான். இந்தப் படத்தோட என்னையும் வீட்டுக்கு அனுப்புறாங்க. இப்ப வர்ற பொண்ணுங்க என் சமையலை வாயில வச்சிட்டு, 'கட்' சொன்னதும் துப்புதுங்க. கடைசியா ஒரு தடவை நீ சாப்பிடுறதைப் பாத்துட்டுப் போறேனே.

பல்லு போன
குமாகிச்சி

இட்டோ
9-2-1968

குமாகிச்சி அண்ணனுக்கு,

கடிதம் கண்டு சிரித்தேன். முதுகுக்கு ஒத்தடம் கொடுங்கள். வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

நான் வரவில்லை, அண்ணா. போன வாரம் மீன்கடையில் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க நடிகை ஷிசுயேவோட அம்மாவா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். ஜனங்களிடம் அந்தப் பழைய முகமே இருக்கட்டும்.

அன்புடன்,
ஷிசுயே

கியோட்டோ
15-2-1968

ஷிசுயேவோட அம்மாவுக்கு,

உங்க பொண்ணு பெரிய கலைஞர்னு ஊரே சொல்லுது. அவ திருட்டுத்தனம் எனக்குத்தான் தெரியும்.

போர் முடிஞ்ச மறுவருஷம். எல்லாரும் பட்டினி. படத்துல கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பாவோட உக்காந்து அவ சேப்பங்கிழங்கு சாப்பிடுற காட்சி. கிழங்கு வாய்கிட்ட போகும், சாப்பிடுற குச்சி நழுவும். "மன்னிச்சுக்கோங்க, இன்னொரு தடவை"ன்னு தலை குனிவா. ஒவ்வொரு தடவையும் புதுசா வைக்கணுமே! தட்டுலேருந்து எடுத்த பழசெல்லாம் லைட்டுக்காரங்க வயித்துக்குள்ள போச்சு. பத்திரிகைக்காரன் என்ன எழுதினான்? "திருப்தி வரும்வரை விடாத நடிகை"ன்னான். நான் அடுப்படியில விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அன்னிக்குச் சாப்பிட்டவங்கதாம்மா இன்னிக்கும் இங்க லைட் பிடிக்கிறாங்க. உங்க பொண்ணு சுருக்கத்தைப் பத்தி ஒருத்தனும் பேசல. வருவாளா, வரமாட்டாளான்னுதான் கேக்கிறானுங்க.

குமாகிச்சி

இட்டோ
21-2-1968

குமாகிச்சி அண்ணனுக்கு,

ஒருவருக்கும் தெரியாது என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன்!

சரி, எனக்கும் ஒரு சந்தேகம். கிழங்குகூட ரேஷனில் வந்த காலம் அது. ஒரு சட்டி சமைத்தால் போதும் என்று உங்களிடம் சொல்லியிருந்தார்கள். நான் முதல் தடவை குச்சியை நழுவவிடும் முன்பே, உங்கள் அடுப்பில் இன்னொரு சட்டி எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது?

பதிலை நேரில் கேட்டுக்கொள்கிறேன். வருவதாக டைரக்டருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: எனக்கு வயதாகிவிட்டது, கை நடுங்கும், குச்சி நழுவும்.

இப்படிக்கு,
ஷிசுயேவின் அம்மா