அப்பாவின் ரைஃபிளைக் கேட்டு வாருங்கள்

மொன்டானா
9 அக்டோபர் 2013

அன்புள்ள டெல்மர் அத்தானுக்கு,

நேற்று டாக்டர் ஃபேயின் அறையில் இருந்தவர்கள்: டாக்டர், உங்கள் தம்பி ஆரின், நான். வேறு யாருமில்லை. அவருடைய முதுகுவலிக்காகப் போயிருந்தோம். தூக்கம், பசி எல்லாம் விசாரித்துவிட்டு அந்தப் பெண் டாக்டர், "வீட்டுல துப்பாக்கி எதுவும் இருக்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முதுகைப் பார்க்கிறவளுக்கு எங்கள் அலமாரியில் என்ன வேலை?

ஆரின் தரையைப் பார்த்துக்கொண்டே, "இல்லைங்க" என்றார்.

மாமா விட்டுப்போன ரைஃபிளைப் பற்றி யாராவது வாயெடுத்தால் காபி ஆறும்வரை பேசுகிற மனிதர், அத்தான்! 'உனக்கென்ன வந்தது' என்று சீறியிருந்தால் நிம்மதியாக வீடு வந்திருப்பேன். பொய் சொன்னாரே, அதுதான் பயமாக இருக்கிறது. மாடுகளை விற்றதிலிருந்து, "நான் இல்லேன்னா உனக்குச் செலவு மிச்சம்" என்கிறார். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். அப்படி ஒரு மிச்சம் எந்தக் கணக்கிலும் வராது என்று சொல்லிவிட்டேன்.

நானே எடுத்து ஒளித்தால் கூனிக்குறுகிப் போவார். நீங்கள் வந்து வேட்டைக்கு இரவல் கேட்டால் அவருக்கு மரியாதை. அந்த ரைஃபிளால்தான் உங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது என்று தெரிந்தேதான் கேட்கிறேன். ஃபோனில் பேசினால் அவர் காதில் விழும். கர்த்தர் உங்களை அனுப்புவார்.

லியோட்டா


வயோமிங்
14 அக்டோபர்

லியோட்டாவுக்கு,

மூத்தவனுக்கு வராத ரைஃபிளை இளையவனிடம் போய்க் கைநீட்டிக் கேட்கச் சொல்கிறாய். துணிச்சல்காரிதான். அப்பாவை அடக்கம் செய்த அன்று, "உன் வாசல மிதிக்க மாட்டேன்டா" என்று கத்தியவன் நான். அவன் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் மிதித்துத்தான் ஆக வேண்டும். வேட்டை தொடங்கும் சனிக்கிழமை வருகிறேன். ஆப்பிள் பை சுட்டு வை.

டெல்மர்


மொன்டானா
6 நவம்பர்

அன்புள்ள அத்தானுக்கு,

"உங்கிட்ட ஒண்ணு இரவல் கேட்டு வந்தேன்டா" என்று நீங்கள் வாசலில் நின்றதை அடுப்படியிலிருந்து பார்த்தேன். அண்ணனே வந்து கேட்டதிலேயே இவர் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நேற்று டாக்டர் மறுபடியும் அதையே கேட்டாள்.

"அன்னைக்குப் பொய் சொன்னேம்மா. இருந்துச்சு. இப்ப எங்க அண்ணன்கிட்ட இருக்கு. அவன் சுட்டா எந்த மானும் பயப்பட வேண்டாம்" என்றார். மூவரும் சிரித்தோம். சிரித்த வாயோடு அழுதும்விட்டார். மனதில் இருந்ததையெல்லாம் அவளிடம் சொன்னார். மருந்து கொடுத்திருக்கிறாள், வாரந்தோறும் வரச் சொல்லியிருக்கிறாள். போவார், நான் கூட்டிப்போவேன்.

டாக்டர்கள் கேட்கத்தான் வேண்டும், அத்தான். சபையில் பெண்களிடமும் இதைத்தான் சொன்னேன். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொள்ளட்டும்.

மாதக் கடைசியில் வரும் நன்றி நவிலல் பண்டிகை விருந்துக்கு இரண்டு பேர் என்றால் கோழி போதும். மூன்று பேர் என்றால் வான்கோழி வாங்க வேண்டும். உங்கள் கடிதம் வருமா என்று ஆரின் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. ரைஃபிளை அங்கேயே வைத்துவிட்டு நீங்கள் மட்டும் வாருங்கள்.

வருவீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

லியோட்டா