உன் அப்பா கிளட்ச் மாற்றிய லட்சணம்

அஸ்தினாபுரம்,
18-4-1973.

அன்பு மகள் ஜெயசீலிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் கோழிகளும் சுகம், உன் அப்பாவும் தலை முதல் கால்வரை கிரீஸ் பூசிக்கொண்டு சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கிருபாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அங்கே வெயில் கொளுத்துகிறதாமே, பிள்ளைக்கு உச்சியில் எண்ணெய் வைக்காமல் விடாதே.

மே பத்தாம் தேதி வருகிறேன் என்று எழுதினாலும் எழுதினாய், பேத்தியை சென்ட்ரலிலிருந்து நம்ம ஜீப்பில் நானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். ஜீப்பாம் ஜீப்! மிலிட்டரிக்காரன் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிய தகரம். கேளம்பாக்கம் பக்கத்தில் ரோடே இல்லாத ஊர்களுக்கு ஞாயிறு தவறாமல் பாஸ்டர் ஏசுதாசனை ஏற்றிக்கொண்டு சேற்றிலும் மணலிலும் உழுததில் கிளட்ச் தேய்ந்துவிட்டது. மேடு வந்தால் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர்வதில்லை, பாஸ்டர் அங்கியோடு இறங்கித் தள்ளுகிறார். பெருங்களத்தூர் மெக்கானிக் ரத்தினத்திடம் விடுங்கள் என்றேன். இருபத்திரண்டு வருஷம் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் இருந்தவனுக்கு ரத்தினமா சொல்லித்தரணும் என்றார். சரி, பெரிய மேதாவி, செய்யட்டும் என்று விட்டேன்.

நாலு நாள் கூத்து. தரைத் தகட்டைக் கழற்றி, அரிசி மூட்டைக்குப் போட்டிருந்த என் பலகையை முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸை அடியில் இறக்கி, கிணற்றடி முழுக்க நட்டும் போல்ட்டும். நீ வாங்கி அனுப்பிய பூத்துண்டு கரித்துணியாகிவிட்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டையும் தடவித் தடவித் தேடினார், என்ன பல்லாங்குழி ஆடுகிறீர்களா என்றுகூடக் கேட்டேன். பட்டாளத்தில் இப்படித்தான் வேலை பார்த்தார்கள் என்றால் இந்தத் தேசம் தப்பியது கர்த்தர் செயல்தான்.

அதோடு விட்டாரா? ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்தோத்திரம் பண்ணுவார்களா, ஸ்தோத்திரம் பண்ணிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்களா? இவர் பாஸ்டரையும் தெருவையும் கூப்பிட்டு, எனக்கு முப்பது பேருக்குக் காப்பி போடச் சொல்லி, ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்ன கையோடு ஏறி உட்கார்ந்தார். கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். மிதித்தாலும் கிளட்ச் விடவில்லை. வண்டி துள்ளிப் பாய்ந்து பாஸ்டரின் சைக்கிளை அப்பளமாக்கி, கோழிக்கூண்டில் முட்டி நின்றது. கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் நம் கன்னியம்மா ஒரு எட்டு முன்னால் நின்றிருந்தால் நான் இன்று வேறு கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். பாவம் பாஸ்டர், சைக்கிள்தானே என்று சிரித்தார். எனக்கு மானம் போயிற்று, வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன்.

மறுநாள் நானே ரத்தினத்தை வரவழைத்தேன். பிரித்தான். இன்னாம்மா இது, பிளேட்டைத் திருப்பிப் போட்டுகீறாரு, எந்தப் பக்கம் என்ஜினுக்குன்னு இம்மாம் பெருசா எழுதிகீதே, இது தெரியாதவரா சாரு என்று தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்குக் கண்ணு தெரியுதா இல்லையாம்மா என்று மெதுவாகக் கேட்டான். அன்று சாயந்திரம் காப்பி டம்ளரைச் சத்தமில்லாமல் ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் கை பழைய இடத்திலேயே தடவித் தேடியது ஜெயா. எத்தனை மாதமாக இப்படியோ, இந்த லட்சணத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் பச்சைப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருவாராம். கல்நெஞ்சம், வறட்டு ஜம்பம், வேறென்ன சொல்ல.

கிளட்ச் இப்போது சரியாகிவிட்டது, அதுதான் பயம். பிள்ளைக்குக் காற்று ஆகாது, டாக்ஸியில்தான் வருவோம் என்று அவருக்குத் தனியாக ஒரு கார்டு போடு. கண்ணைப் பற்றி அதில் மூச்சு விடாதே. வந்தபின், நீதான் நர்ஸாயிற்றே, நீயே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, உன் பேச்சுக்குத்தான் மசிவார். எனக்கு இந்த ஒரு வாரமாகத் திட்டவே வாய் வரவில்லை. நேற்று சாப்பிடும்போது, என்ன தபீதா ஏன் திட்டமாட்டேன் என்கிறாய், ரத்தினம் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். ரசத்தில் உப்பு போதுமா என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், கிருபாவுக்கு ஆயிரம் முத்தம். மறவாமல் இதற்குப் பதிலை என் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு வருகிற உன் கடிதங்களை மூன்று மாதமாக என்னைத்தான் வாசிக்கச் சொல்கிறார். நான் வாசித்தால்தான் உன் குரல் கேட்பதுபோல் இருக்கிறதாம், நானும் அதை நம்பி மகிழ்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தபீதாள் லாசரஸ்.